அது சகுரா இல்லைங்க!

மார்ச், ஏப்ரல் வந்தால் போதும், சிங்கப்பூரில் நம் வாட்ஸ்அப் குழுக்கள் இளஞ்சிவப்பாகிவிடும். “நம்ம ஊர்லயும் சகுரா பூத்திருக்கு, பாத்தீங்களா?” என்று ஒருவர் படம் போடுவார். அடுத்த நிமிடம் ஈசூன், செங்காங், ஜூரோங் என்று ஆளாளுக்குத் தங்கள் புளோக்குக்குக் கீழே எடுத்த படங்களை இறக்குவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் மறுபடியும் ஒரு சுற்று நடக்கும். பார்க்க அழகுதான், யார் இல்லை என்றார்கள்? ஆனால் அது சகுரா இல்லைங்க.

அந்த மரத்துக்கு ஆங்கிலத்தில் டிரம்பெட் மரம் என்று பெயர். பூ ஊதுகுழல் மாதிரி இருப்பதால் வந்த பெயர். தாவரவியலில் டபேபுயா ரோசியா. மெக்சிகோவிலிருந்து தென் அமெரிக்காவின் வடபகுதி வரை அதன் தாயகம். எல் சல்வடோர் நாட்டின் தேசிய மரமும் அதுதான். ஜப்பானியச் சகுரா வேறு குடும்பம், வேறு வாழ்க்கை. குளிர்காலத்தைப் பல வாரம் அனுபவித்தால்தான் சகுரா மொட்டு விழித்துக்கொள்ளும். டிரம்பெட் மரத்துக்குக் குளிர்காலம் என்றால் என்னவென்றே தெரியாது. அதை எழுப்புவது வறட்சியும், அதன்பின் வரும் மழையும்.

“ஏதோ ஒரு பேரு, ரசிச்சிட்டுப் போக வேண்டியதுதானே?” என்று சிலர் கேட்கலாம். அந்தப் பெயரோடு ஒரு தப்பான எண்ணமும் சேர்ந்து வருகிறது, அதுதான் என் கவலை. பூக்கும் பருவம் என்பது ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் இருக்கிற ஒன்று, நமக்கு வாய்த்தது ஆண்டு முழுக்க வெயில், இல்லாவிட்டால் மழை என்கிற எண்ணம். இங்கே பிறந்து வளரும் நம் பிள்ளைகள் ‘சிங்கப்பூருக்கு சீசனே கிடையாது’ என்று சொல்லித்தான் வளர்கிறார்கள். தலைக்கு மேல் நிற்கும் மரங்களைக் கேட்டால் அவை வேறு கதை சொல்லும். அந்தக் கதையைப் படிக்கத் தெரியாததால் மரங்களுக்கும் நட்டம், நமக்கும் நட்டம்.

<b>மரம் எதைப் பார்த்து நாள் குறிக்கிறது?</b>

குளிர்நாடுகளில் மரத்துக்கு வேலை சுலபம். பகல் நீண்டால் வசந்தம், குறுகினால் இலையுதிர்காலம். சென்னையில்கூட ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேர வித்தியாசம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு ஒட்டினாற்போல இருக்கும் சிங்கப்பூரில் அந்த வித்தியாசம் பத்து நிமிடம்கூட இல்லை. அதனால் இங்கே மரங்கள் வேறு அடையாளங்களைத் தேட வேண்டியிருக்கிறது.

முதல் அடையாளம், வறட்சிக்குப் பின் வரும் மழை. வடகிழக்குப் பருவமழையின் கடைசிப் பகுதி, குறிப்பாக பிப்ரவரி, இங்கே வழக்கமாக உலர்ந்த காலம். காற்றடிக்கும், புல் காயும், மரங்கள் இலை உதிர்க்கும். கிளை நுனிகளில் மொட்டு தயாராகிக் காத்திருக்கும். நல்ல மழை இரண்டு பெய்ததும் கதவு திறந்த மாதிரி எல்லாம் ஒரே நேரத்தில் பூக்கும். டிரம்பெட் மரத்தின் மார்ச், ஏப்ரல் பூப்புக்கு இதுதான் காரணம். ஆண்டின் நடுவில் வரும் உலர்ந்த வாரங்கள் ஆகஸ்ட், செப்டம்பர் பூப்புக்குக் காரணம்.

2014ஆம் ஆண்டு நினைவிருக்கிறதா? ஜனவரி 13 முதல் பிப்ரவரி 8 வரை 27 நாள் சிங்கப்பூரில் மழையே இல்லை என்று சொல்லலாம். வீவக புளோக்குகளைச் சுற்றிப் புல் எல்லாம் வைக்கோல் நிறமானது. மழை திரும்பிய பிறகு தீவெங்கும் மரங்கள் வழக்கத்தைவிட அள்ளிப் பூத்தன. நாம் கொண்டாடிப் படம் எடுத்தோம். அந்தப் பூ, தாகத்தில் வாடிய மரம் தந்த பதில் என்பதைக் கவனித்தவர்கள் குறைவு.

இரண்டாவது அடையாளம், திடீர்க் குளிர்ச்சி. தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் புறா ஆர்க்கிட் என்ற சின்ன வெள்ளைப் பூச்செடி தொற்றி வளரும். பலத்த மழையில் வெப்பம் சுமார் 5 டிகிரி சட்டென்று இறங்கினால் அதன் மொட்டு வளரத் தொடங்கும். எண்ணி ஒன்பதாவது நாள், ஒரே மழையில் நனைந்த செடிகளெல்லாம் சொல்லிவைத்த மாதிரி ஒன்றாகப் பூக்கும். அன்று மாலைக்குள் வாடியும் போகும். எந்தச் செடிக்கும் யாரும் தகவல் அனுப்பவில்லை. மழைதான் தேதி குறித்தது.

மூன்றாவது, மரத்தின் உள்ளேயே ஓடும் கடிகாரம். கடற்கரையில் நிற்கும் நாட்டு வாதுமையைப் பாருங்கள். ஆண்டுக்கு இரண்டு தடவைபோல இலை சிவந்து, கொட்டி, தளிர்க்கும். ஆனால் பக்கத்தில் நிற்கும் இன்னொரு வாதுமை அன்றைக்குப் பச்சையாகவே நிற்கும். 1930களில் பூமலையின் இயக்குநராக இருந்த ஹால்டம் என்ற தாவரவியலாளர், சிங்கப்பூர் மரங்கள் எப்போது இலை மாற்றுகின்றன, எப்போது பூக்கின்றன என்று வருடக்கணக்கில் குறித்து வைத்தார். சில மரங்கள் 12 மாதக் கணக்குக்கே வராமல், அதைவிடக் குறைந்தோ கூடியோ தங்களுக்கென்று ஓர் இடைவெளி வைத்திருப்பது அவருடைய பதிவுகளில் தெரிந்தது. நம் காலண்டர் நமக்குத்தான், மரத்துக்கு இல்லை.

இவ்வளவு கணக்கு ஓடும் ஊரைப் பார்த்து ‘சீசன் இல்லை’ என்று சொன்னால் எப்படி?

<b>ஊரில் பார்த்த மாதிரி ஏன் இல்லை?</b>

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ வந்தவர்கள் அடிக்கடி சொல்லும் ஒரு குறை உண்டு. “சரக்கொன்றை இங்கயும் இருக்கு, ஆனா ஊர்ல மாதிரி பூக்க மாட்டேங்குது.” உண்மைதான். ஏப்ரல், மே மாதங்களில் ஊரில் சரக்கொன்றை ஓர் இலைகூடத் தெரியாமல் மஞ்சளாகத் தொங்கும். செம்மயிற்கொன்றை சாலை நெடுகச் சிவப்பாக எரியும். இங்கே அதே மரங்கள் பாதி இலையும் பாதிப் பூவுமாக, ஒரு கிளை பூத்தும் ஒரு கிளை பூக்காமலும் நிற்கின்றன.

காரணம் எளிது. சென்னையில் பிப்ரவரி, மார்ச் மாதங்களின் சராசரி மழை 10 மில்லிமீட்டர்கூட வராது. மண் காய்ந்து, மரம் இலையைக் கொட்டி, பூவுக்குத் தயாராக நீண்ட அவகாசம் கிடைக்கிறது. சிங்கப்பூரிலோ எந்த மாதமும் சராசரி மழை 100 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை. வறட்சி போதவில்லை, அதனால் பூவும் ஓரளவுதான். மரத்துக்கு ஒன்றும் கோளாறு இல்லை. நிற்கிற மண்ணுக்கும் பெய்கிற மழைக்கும் ஏற்றபடி அது வாழ்கிறது. இடம் மாறி வந்து இருபது, முப்பது வருடம் ஆன நமக்கு இது புரியாத விஷயமா?

இங்கே ஒரு கேள்வி. ஊர் மரம் ஊரில் பூத்த மாதிரி பூக்கவில்லை என்று ஏங்குகிறோம், அமெரிக்க மரம் பூத்தால் ஜப்பானியப் பெயர் வைக்கிறோம். இந்த மண்ணிலேயே பிறந்த மரம் எத்தனை பேருக்குத் தெரியும்? 1963 ஜூன் 16 அன்று ஃபேரர் சர்க்கஸில் அப்போதைய பிரதமர் திரு லீ குவான் யூ ஒரு மரக்கன்றை நட்டு, நாடு முழுவதும் மரம் நடும் இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். அது மெம்பாட் என்ற மரம். இந்த வட்டாரத்துக்கே சொந்தமானது. நல்ல வறட்சிக்குப் பிறகு இலை உதிர்த்து, மரம் முழுக்க வெளிர் இளஞ்சிவப்பாகப் பூக்கும். பூவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சகுராவுக்கே கிட்ட வரும். சிங்கப்பூரைப் பசுமையாக்கிய கதையின் முதல் மரமே ஓர் இளஞ்சிவப்புப் பூ மரம். அதன் பெயர் நம் படங்களில் எங்கேயும் வருவதில்லை.

<b>வேங்கைக்கு ஓர் உறவுக்காரர்</b>

அங்சானா மரத்தை இங்கே இருப்பவர்கள் எல்லாரும் பார்த்திருப்பார்கள். சாலையோரத்தில் கிளை தாழ்ந்து குடை மாதிரி நிற்கும். 1960களின் இறுதியிலும் 1970களிலும் நகருக்குச் சீக்கிரம் நிழல் வேண்டும் என்று, ஆள் உயரத்துக்கும் மேலான கிளைகளையே வெட்டி வேர்பிடிக்க வைத்து நட்டார்கள். ‘உடனடி மரம்’ என்றே சொல்லலாம். அதன் மஞ்சள் பூ மலர்வது ஒரே ஒரு நாள். மறுநாள் நடைபாதை முழுக்க மஞ்சள் கம்பளம்.

இந்த அங்சானா யார் தெரியுமா? சங்கப் பாடல்களில் வரும் வேங்கை மரத்தின் நெருங்கிய உறவு. இரண்டும் டெரோகார்பஸ் என்ற ஒரே இனம். மலைநாட்டில் வேங்கை பூத்தால் தினை முற்றிவிட்டது, அறுவடைக்கும் கல்யாணத்துக்கும் நாள் வந்துவிட்டது என்று அந்தக் காலத்தில் கணக்கு வைத்தார்கள். அதனால் வேங்கைக்குக் ‘கணி’ என்றே ஒரு பெயர் உண்டு. கணி என்றால் நாள் பார்த்துச் சொல்லும் சோதிடர். மரத்தையே சோதிடராகப் பார்த்த மொழி நம்முடையது.

குறுந்தொகையின் 66ஆவது பாடல் இன்னும் ஒரு படி மேலே போகிறது. கார்காலத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிப்போன தலைவன் வரவில்லை. கொன்றையோ பூத்துவிட்டது. தலைவி கலங்குகிறாள். தோழி சமாதானம் சொல்கிறாள். இந்தக் கொன்றைக்கு விவரம் போதாது, காலம் தப்பிப் பெய்த மழையைப் பருவமழை என்று நம்பி ஏமாந்து பூத்துவிட்டது என்கிறாள். தோழி ஆறுதலுக்காகச் சொல்லியிருக்கலாம். ஆனால் மழை மரத்தைப் பூக்கவைக்கும், தப்பான நேரத்தில் வந்த மழை தப்பான நேரத்தில் பூக்கவைக்கும் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இன்றைக்குத் தாவரவியல் மாணவர் படிக்கும் பாடம் அது.

காலம் தப்பிய மழையும் நீண்டுபோகும் வெயிலும் இன்று நம் அன்றாடச் செய்தி ஆகிவிட்டன. பருவம் தடம் மாறினால் அது முதலில் மரத்தில்தான் தெரியும். எப்போதும் பிப்ரவரியில் இலை உதிர்க்கும் மரம் எந்த ஆண்டு உதிர்க்கவில்லை, எந்த ஆண்டு இரண்டு தடவை பூத்தது என்று சொல்ல யாராவது பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். படம் எடுத்துவிட்டுப் போகிறவர்களால் அது முடியாது.

<b>கூட்டுகிறவர் கையில் இருக்கும் பெயர்</b>

பூ கொட்டினால் அதை யாரோ கூட்ட வேண்டும். காலை ஏழு மணிக்கு நாம் எம்ஆர்டிக்கு ஓடும்போது நடைபாதை சுத்தமாக இருக்கிறது என்றால், அதற்கு முன்பே ஒருவர் வந்து போயிருக்கிறார். தோட்ட வேலையிலும் துப்புரவு வேலையிலும் தமிழ்நாட்டிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் நிறையப் பேர்.

சில மாதங்களுக்கு முன் எங்கள் புளோக் கீழே, பத்து வயதுப் பையன் ஒருவன் பூக் கூட்டிக்கொண்டிருந்தவரிடம், “அங்கிள், இது சகுராதானே?” என்று கேட்டான். அவர் மன்னார்குடிப் பக்கத்துக்காரர். சிரித்தார். “அது பேரு எனக்குத் தெரியாது தம்பி. பூத்தா எங்களுக்கு வேல டபுளு, அது மட்டும் தெரியும். ஆனா அதோ நிக்குது பாரு பெருசா, அது தூங்குமூஞ்சி. சாயங்காலம் வந்து பாரு, எலைய மடிச்சிக்கிட்டுத் தூங்கும். எங்க ஊர்ல அந்தக் காய ஆட்டுக்குப் போடுவோம்.” பையன் நிமிர்ந்து பார்த்தான். தினமும் அதன் கீழே நடந்துதான் பள்ளிக்கூடம் போகிறான். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

சாங்கி விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் கிழக்குக் கடற்கரை விரைவுச்சாலையின் இருபுறமும் குடை விரித்து நிற்பதும் அதே தூங்குமூஞ்சிதான். 1876இல் சிங்கப்பூருக்கு வந்த அமெரிக்க மரம். மாலையில் இலை மடிப்பதால் மலாயில் அதற்கு ‘புக்குல் லீமா’, அதாவது ஐந்து மணி மரம் என்று பெயர். நம்மில் பலர் இந்த நாட்டுக்குள் வந்து முதலில் பார்த்த மரமும் அதுவாகத்தான் இருக்கும். பெயர், கூட்டுகிற அண்ணனிடம் இருக்கிறது. படம் எடுக்கும் கைபேசி நம் பிள்ளையிடம் இருக்கிறது. இரண்டும் பேசிக்கொள்ளாமல் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. நாம்தான் பேசவைக்க வேண்டும்.

<b>புகார் கொடுக்கும் முன்னால்</b>

பூத்த அன்றைக்குப் படம் போடுகிற அதே கைகள்தான் மூன்றாம் நாள் நகர மன்றத்துக்கும் புகார் எழுதுகின்றன. காரில் பூ ஒட்டுகிறது, காய வைத்த துணியில் இலை விழுகிறது, ஜன்னலை மறைக்கிறது, கிளையை வெட்டுங்கள். எல்லாப் புகாரையும் தப்பு என்று சொல்லமாட்டேன். ஈரப் பூவில் வழுக்கி விழும் முதியவர்கள் உண்டு. 2017 பிப்ரவரியில் பூமலையில் 270 ஆண்டுக்கும் மேலான ஒரு தெம்புசு மரம் சாய்ந்து ஓர் உயிர் போனதை மறக்க முடியாது. மரங்களைச் சோதிப்பதும், பட்ட கிளைகளை அகற்றுவதும் கட்டாயம் நடக்க வேண்டிய வேலை. அதைச் செய்பவர்களை நாம் குறை சொல்லக் கூடாது.

ஆனால் பாதுகாப்புக்காக வெட்டுவது வேறு, நம் வசதிக்காக வெட்டச் சொல்வது வேறு. இந்த மரங்கள் பல கிளை நுனியில்தான் மொட்டு வைக்கும். வறட்சிக் காலத்தில் மொட்டு தயாராகும் நேரம் பார்த்து நுனியைக் கழித்தால் அந்தச் சுற்றுப் பூவே போய்விடும். மொட்டையாக வெட்டினால் வெட்டிய இடத்திலிருந்து கொத்தாகக் கிளம்பும் புதுக் கிளைகள் பிடிப்பில்லாமல் வளரும், பின்னால் அவையே முறிந்து விழும். அவசரப்பட்ட ஒரு புகார், இரண்டு வருடம் கழித்து நிஜமான ஆபத்தாகத் திரும்பி வரலாம்.

மரத்தின் கடிகாரத்தை மதிப்பது இந்த நாட்டுக்குப் புதிதும் இல்லை. 1971இல் தொடங்கிய மரம் நடும் நாளை நவம்பரில் வைத்ததற்குக் காரணமே, மழைக்காலத்தில் நட்டால் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலை குறையும் என்பதுதான். அரசாங்கம் மழையைப் பார்த்து நாள் குறித்தது. நாம் மட்டும் ஏன் கைபேசியைப் பார்த்துக் குறிக்கிறோம்?

<b>ஒரு குடும்பம், ஒரு மரம்</b>

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. உங்கள் புளோக்குக்குக் கீழே ஒரே ஒரு மரத்தைத் தேர்ந்தெடுங்கள். அதன் பெயரைக் கண்டுபிடியுங்கள். தேசியப் பூங்காக் கழகத்தின் ட்ரீஸ் எஸ்ஜி இணைய வரைபடத்தில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட மரங்கள் இருக்கின்றன. உங்கள் மரமும் பெரும்பாலும் இருக்கும். பிறகு தமிழ்ப் பெயரைத் தேடுங்கள். மஞ்சள் பூ கொத்தாக நிமிர்ந்து நிற்கும் எல்லோ ஃபிளேம் நமக்குப் பெருங்கொன்றை. மரத்தண்டிலேயே பூத்து, பீரங்கிக் குண்டு மாதிரிக் காய்ப்பது நாகலிங்கம். உருண்டைப் பூ பூப்பது கடம்பு. தமிழில் பெயரே இல்லாத மரமாக இருந்தால் மலாய்ப் பெயரைக் கற்றுக்கொள்ளுங்கள். தெம்புசு, மெம்பாட், அங்சானா எல்லாம் இந்த மண்ணின் பெயர்கள். சொல்லச் சொல்ல நம் வாயிலும் பழகிவிடும்.

அப்புறம் ஒரு நோட்டுப் புத்தகம். இலை கொட்டிய தேதி, தளிர் வந்த தேதி, பூத்த தேதி, அதற்கு முன் எத்தனை நாள் மழை இல்லை. பிள்ளைகளையே எழுதச் சொல்லுங்கள். எந்த மொழியில் எழுதினாலும் சரி, மரத்தின் பெயரை மட்டும் தமிழில் எழுதட்டும். இரண்டு வருடம் எழுதினால், அடுத்த பூ எப்போது என்று அந்தப் பிள்ளையே முன்கூட்டிச் சொல்லும். வேங்கைக்குக் கணி என்று பெயர் வைத்த கூட்டத்தின் பிள்ளைக்கு அது முடியாதா என்ன?

கோலாலம்பூரில் இருந்தாலும் இதைச் செய்யலாம், கொழும்பில் இருந்தாலும் செய்யலாம். டொரோண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்கு மரம் வேறு, கடிகாரம் வேறு, வேலை ஒன்றுதான். பிழைக்க வந்த ஊர் நம் ஊராக மாறுவது கடப்பிதழால் மட்டும் நடப்பதில்லை. அந்த ஊரில் எது எப்போது பூக்கும் என்று தெரிந்துகொள்வதும் அதில் ஒரு பங்கு.

அடுத்த தடவை இளஞ்சிவப்பாகப் பூத்திருப்பதைப் பார்த்தால் தாராளமாகப் படம் எடுங்கள், குழுவிலும் போடுங்கள். கீழே எழுதும் வரியை மட்டும் மாற்றுங்கள். ‘மூணு வாரமா மழ இல்ல, நேத்து ரெண்டு மழ பெஞ்சுது, இன்னிக்கு எங்க புளோக் டிரம்பெட் மரம் பூத்திருச்சு’ என்று எழுதிப் பாருங்கள். கூட்டுகிற அண்ணனுக்கு ஒரு காலை வணக்கமும் சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்கு வேலை டபுள்.